சர்வரின் கம்பிவழி இணைப்புக் கோளாறு: கும்பகோணம் சேவை நிலையம் குறித்த மதிப்பீடு

பாபநாசம் பகுதியில் உள்ள எங்கள் அரிசி ஆலையில் எடைமேடைக் கணினியும் கணக்குப் பிரிவின் கணினிகளும் ஒரே சர்வரை நம்பி இயங்குகின்றன. குறுவை நெல் வரத்து மும்முரமாக இருந்த சமயத்தில் அந்தச் சர்வரின் நெட்வொர்க் இணைப்பு தடுமாறத் தொடங்கியது. பிங் செய்தால், அதாவது சர்வர் பதில் தருகிறதா என்று அறியச் சிறு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வரும். கணக்குக் கோப்பைத் திறந்தால் ஊர்ந்து நகரும். முதலில் வந்து பார்த்தவர் அடாப்டர் (சர்வரை நெட்வொர்க் கேபிளுடன் இணைக்கும் பகுதி) பழுதாகிவிட்டது, அது அமைந்துள்ள மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கூறிச் சென்றார். அதன் பிறகே இந்த நிலையத்தை அழைத்தோம்.

வந்த இளைஞர்கள் சர்வரின் மூடியைத் திறக்கவே இல்லை. பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, சுவிட்சை (கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) சர்வர் அருகே கொண்டுவந்து புதிய சிறு கேபிளால் இணைத்தனர். அடாப்டரின் வேக அமைப்பையும், இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் தானியங்கி நிலைக்கு மாற்றினர். உடனே நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தில் இணைப்பு நிலையாக நின்றது. அடாப்டர் மீது சுமத்தப்பட்ட பழி அத்துடன் நீங்கியது.

அந்த அமைப்பை யாரோ முன்பு 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை) என்று கையால் நிலைநிறுத்தியிருந்தார்கள். ஒரு முனை அவ்வாறு கட்டப்பட்டு மறுமுனையான சுவிட்ச் தானியங்கியாக இருந்தால், சுவிட்ச் வேகத்தை மட்டும் கண்டுகொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) இறங்கிவிடும். சிறிய பிங் தப்பிப் பிழைக்க, பெரிய கோப்புகள் மோதலில் சிக்கித் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். சர்வரில் சிஆர்சி பிழைகளின் (சிதைந்து வந்த தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததைத் திரையில் காட்டியே இதை விளக்கினர்.

ஆனால் அமைப்பைச் சரிசெய்து பழைய கேபிளை மீண்டும் பொருத்தியபோது இணைப்பு வந்து வந்து அறுந்தது. 100 மெகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு கம்பி இணைகளில் (ஜோடிகளில்) இரண்டே போதும், 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். வேகத்தைப் பேசி முடிவு செய்வதற்கோ இரண்டே இணைகள் போதும் என்பதால், இரு முனைகளும் 1000 என்று ஒப்புக்கொண்டு, பிறகு அறுந்த இணையால் தோற்றுப்போகின்றன. முன்பு வேகத்தைக் குறைத்து வைத்தவர் இந்தக் குறையைத்தான் மூடி மறைத்திருக்கிறார். சோதனைக் கருவியில் ஓர் இணை அறுந்திருப்பது தெரிந்தது. கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புப் பூச்சிட்ட அலுமினியம்! மலிவு விலையில் வாங்கியதன் பலன். தூய செம்பாலான கேட் 6 தரக் கேபிளை இழுத்து, இரு முனைகளிலும் கனெக்டரைப் புதிதாகக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) கொடுத்தனர்.

குறைகளும் உண்டு. வண்டிகள் எடைக்காக வரிசையில் நின்ற முற்பகலில் சர்வரை நிறுத்தச் சொன்னார்கள்; மாலையில் வந்திருக்கலாம். பில்லில் கேபிளின் நீளமும் கூலியும் பிரிக்கப்படாமல் ஒரே தொகையாக இருந்தன. தொகை நியாயமானதே என்றாலும் கணக்கு எழுதுபவனுக்கு அது உறுத்தும்.

எடைமேடை அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே திறந்த வெளியில் செல்லும் கேபிளுக்குப் பதிலாக ஆப்டிகல் ஃபைபர் போடலாம் என்றும் பரிந்துரைத்தனர். ஐப்பசி மழையின் இடி மின்னலை நினைத்தால் இது விற்பனைப் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கான மதிப்பீட்டை, இம்முறை பொருளும் கூலியும் தனித்தனியாக, எழுத்தில் கேட்டிருக்கிறேன்.