ஸ்பர்ஷ்: பணம் சரியாக வருகிறது, பழைய கணக்கு சரியா? ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளுக்கான மதிப்பீடு

ஸ்பர்ஷ் என்பது பாதுகாப்புப் படையினரின் ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு வழங்கும் மத்திய அரசின் இணைய அமைப்பு. முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஓய்வூதியத்தைக் கணக்கில் சேர்க்கும் சேவை என்ற அளவில் ஸ்பர்ஷ் நம்பத்தக்கது. ஆனால் கணக்குப் போடும் சேவை என்று பார்த்தால், அதற்குள் ஏற்றப்பட்ட தரவு எவ்வளவு சரியோ அவ்வளவுதான் அதுவும் சரி. 2016-க்குப் பிறகு ஓய்வு பெற்றவருக்கு இது பெரிய விஷயமல்ல. 1980-களிலும் 90-களிலும் கடற்படையை விட்டு வந்தவருக்கும், அவர் மனைவிக்கும் இதுதான் முழு விஷயமும்.

முன்பெல்லாம் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதியம் வழங்கும் ஆணை ஓர் இடத்தில் எழுதப்படும், பணம் வேறோர் இடத்திலிருந்து வரும். கடற்படைக்கு மும்பையில் உள்ள கடற்படைக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஓய்வூதியத்தை அனுமதிக்கும். வங்கியின் மத்திய ஓய்வூதியப் பிரிவு பட்டுவாடா செய்யும். ஊதியக் குழு வரும்போதெல்லாம் சுற்றறிக்கையைப் படித்து உயர்த்திப் போட வேண்டிய பொறுப்பு வங்கிக்கு இருந்தது. ராணுவ ரேங்குக்குச் சமமான கடற்படை ரேங்க் எது என்று தெரியாமல் தவறான வரிசையைப் பார்த்துவிட்டால் தொகை மாறிவிடும். இப்போது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் முதன்மைக் கட்டுப்பாட்டாளரின் ஓய்வூதிய அலுவலகமே கணக்கிட்டு நேராகக் கணக்கில் போடுகிறது. இடையில் இருந்த ஒரு கை நீங்கியது பெரிய நன்மை. மாதத்தின் கடைசி வேலைநாளில் பணம் வருகிறது. மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் முதல் வேலைநாள். ஒவ்வொரு மாதமும் சிலிப் கிடைக்கிறது. திருத்த பி.பி.ஓ.க்களையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பழையவர்களுக்குச் சிக்கல் ஏன் என்றால், ஒருவருடைய இன்றைய தொகை பல அடுக்கு விதிகளின் மேல் நிற்கிறது. 1964-ஆம் ஆண்டின் கடற்படை ஓய்வூதிய விதிகளில் அதிகாரிகளுக்கு ரேங்க் வாரியாக நிலையான விகிதங்கள்தான் இருந்தன. கடைசிச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே பெரிதாக எழவில்லை. 1979 ஏப்ரல் 1 முதல் வாங்கிய ஊதியத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடும் முறை வந்தது. அந்தத் தேதிக்கு முன் போனவர்களுக்கு அது இல்லை என்றார்கள். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த அடுக்கு 33 ஆண்டுச் சேவை: முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் அவ்வளவு தேவை. ரேங்குக்கு ஏற்பச் சில ஆண்டுகளைக் கூட்டிக் கொடுக்கும் வெயிட்டேஜ் அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது. 1996 முதல், ரேங்குக்குரிய சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத்தில் பாதி என்ற அடித்தளம் வந்தது. 2006 ஜனவரி 1 முதல் ஓய்வு பெற்றவர்களுக்கு 33 ஆண்டுக் கட்டு அவிழ்ந்தது. அதிகாரிக்கு 20 ஆண்டுத் தகுதிச் சேவை இருந்தால் போதும். கடைசிச் சம்பளம் அல்லது கடைசி 10 மாதச் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அதில் 50 சதவீதம். அதற்கு முன் போனவர்களுக்கும் சேவை குறைவுக்காக விகிதம் வெட்டுவது பின்னர் நீக்கப்பட்டது. 2016-இல் பழைய தொகையை 2.57-ஆல் பெருக்குவது ஒரு வழி, பழைய சம்பளத்தைப் புதிய அட்டவணையில் கருத்தளவில் பொருத்தி அதில் பாதி எடுப்பது இன்னொரு வழி. கூடுதல் எதுவோ அது.

இத்தனை அடுக்குகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை சில விவரங்கள்தான்: ரேங்க், தகுதிச் சேவை, ஓய்வு பெற்ற தேதி, ஓய்வின் வகை, கடைசியாக வாங்கிய சம்பளம். கையால் தட்டச்சு செய்த பி.பி.ஓ.விலிருந்து இவை கணினிக்கு ஏறும்போது ஒன்று பிசகினாலும் மேலே உள்ள எல்லா அடுக்கும் பிசகும்.

எனவே லாகின் செய்தவுடன் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. முதல் பி.பி.ஓ.வையும் பின்னர் வந்த திருத்தங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரவுச் சரிபார்ப்புப் பக்கத்தை வரி வரியாக ஒப்பிடுங்கள். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் தவறான விவரத்துக்கும் நீங்களே ஒப்புதல் தந்ததாகிவிடும்.

தகுதிச் சேவையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 3 மாதமும் அதற்கு மேலும் இருந்தால் அரை ஆண்டு, 9 மாதம் ஆனால் முழு ஆண்டு என்பது விதி. 25 ஆண்டு 8 மாதம் என்றால் 25.5, ஒரு மாதம் கூடினால் 26. ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ (ஓ.ஆர்.ஓ.பி.) திட்டத்தின் அட்டவணை அரை ஆண்டுக்கு ஒரு வரியாகப் போவதால், இந்த அரை ஆண்டு நேரடியாகப் பணம். பழைய பி.பி.ஓ.வில் நிஜமாகச் செய்த சேவையும் வெயிட்டேஜும் அருகருகே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஓ.ஆர்.ஓ.பி. பார்ப்பது நிஜச் சேவையை. மாலுமியாகச் சேர்ந்து பிறகு அதிகாரியானவர்கள், முந்தைய சேவையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுபக்கம், தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி பெற்ற ஆண்டுகள் தகுதிச் சேவையில் சேராது. அதைக் கூட்டிப் புகார் போட்டால் திரும்பி வரும்.

ரேங்கில் கவனிக்க வேண்டியது டைம் ஸ்கேல் என்ற ஒட்டு. தேர்வு மூலம் கமாண்டர் ஆனவரும், சேவைக் காலத்தால் கமாண்டர் ஆனவரும் ஒன்றல்ல. 2004 டிசம்பர் 16 முதல் 13 ஆண்டுச் சேவையில் கமாண்டர் ரேங்க் கிடைக்கிறது. அதற்கு முன் நெடுங்காலம் சேவை செய்தும் லெப்டினன்ட் கமாண்டராகவே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவர்களுடைய நியாயமான மனக்குறை வேறு; ஸ்பர்ஷ் தீர்க்கக்கூடியது அல்ல. அது அரசின் கொள்கை. போர்ட்டலில் புகார் எண் வாங்கி மாதங்களை வீணாக்காமல் இருப்பது நல்லது.

ஓ.ஆர்.ஓ.பி. 2015 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டு 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு: 2019 ஜூலை 1, பிறகு 2024 ஜூலை 1. முந்தைய காலண்டர் ஆண்டில் அதே ரேங்கிலும் அதே சேவையிலும் ஓய்வு பெற்றவர்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச ஓய்வூதியங்களின் சராசரிதான் அட்டவணைத் தொகை. சராசரிக்கு மேல் வாங்குபவருக்குக் குறைக்க மாட்டார்கள். ஆகவே புதுப்பிப்பு வந்தும் தொகை உயரவில்லை என்றால் உடனே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் அட்டவணையில் உங்கள் வரியைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்குவது கூடுதலாக இருந்தால் அத்துடன் கதை முடிந்தது. 2014 ஜூலை 1-க்குப் பின் சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தத் திருத்தம் கிடையாது. ஓய்வின் வகை தவறாக ஏறியிருந்தால் இங்கேதான் அடி விழும்.

புதிதாக ஓய்வு பெறுபவர்கள், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷன் கணக்கைப் புரிந்துகொண்டால் சிலிப் புரியும். 54 வயதில் ஓய்வு பெறும் ஒரு கமாண்டரின் அடிப்படைச் சம்பளம் 1,94,400 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2,09,900, பாதி 1,04,950. இதுதான் அடிப்படை ஓய்வூதியம். படையினர் இதில் 50 சதவீதம் வரை மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். சிவில் ஊழியர்களுக்கு 40 சதவீதம். பாதியை மாற்றினால் 52,475. அடுத்த பிறந்தநாளில் 55 வயது என்பதால் காரணி 8.627. 52,475-ஐ 12-ஆலும் அதை 8.627-ஆலும் பெருக்க, கைக்கு வருவது ஏறத்தாழ 54.32 லட்சம்; இதற்கு வருமான வரி இல்லை. மாதாமாதம் மீதி 52,475 வரும். ஆனால் அகவிலை நிவாரணம் முழு 1,04,950-க்கும் கணக்கிடப்பட வேண்டும். சிலிப்பில் முதலில் சரிபார்க்க வேண்டிய வரி அதுதான்.

மாற்றிய பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்ப வரும். பழைய ஓய்வூதியர்களுக்கு எந்த மாதத்திலிருந்து பிடித்தம் தொடங்கியது என்ற தேதி விடுபட்டிருந்தால், திரும்ப வருவதும் தள்ளிப்போகும். 15-ஆம் ஆண்டு நெருங்கும்போது அந்தத் தேதியைப் பார்த்து, தவறியிருந்தால் பழைய பாஸ்புக் பக்கத்தையோ வங்கிச் சான்றையோ இணைத்து முன்கூட்டியே எழுதுங்கள்.

பிறந்த தேதி இன்னொரு பலவீனமான இடம். 80 வயதில் 20 சதவீதம், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் 100 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே சேரும். அதிகாரியின் பிறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். மனைவியின் தேதி பழைய பி.பி.ஓ.வில் இல்லாமலே போயிருக்கலாம். அவர் குடும்ப ஓய்வூதியராகி 80-ஐத் தாண்டும்போது அதை நிரூபிக்க அலைவதைவிட, கணவர் இருக்கும்போதே ஆதார், பான், பி.பி.ஓ. மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றுபோல் இருக்கும்படி திருத்திவிடுவது எவ்வளவோ மேல். ஓய்வுக்குப் பின் நடந்த திருமணமோ, வாழ்நாள் முழுதும் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருந்தால் அதுவும் இப்போதே பதிவாக வேண்டும்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதி செய்யும் அடையாளச் சான்றில் நடக்கும் தவறு சின்னது, விளைவு பெரிது. ஜீவன் பிரமாண் செயலியில் அனுமதி அளிக்கும் அதிகாரியாக, கடற்படையினர் மும்பை கடற்படைக் கணக்கு அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டுவாடா அமைப்பாகப் பழைய வங்கியின் பெயரை அல்ல, ஸ்பர்ஷ் – பிரயாக்ராஜ் வரியைத்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் ஊர் அலகாபாத் என்ற பழைய பெயரில் இருக்கலாம். பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று உருவாகும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பி.பி.ஓ. எண் என்ற இடத்தில் ஸ்பர்ஷ் தந்த புது எண். 2022 ஏப்ரல் ஓய்வூதியம் 58,275 பேருக்கு வராமல் நின்றதற்குக் காரணம் அடையாளச் சான்று பதிவேறாததுதான். பிறகு அரசு சிறப்புத் தளர்வு கொடுத்துப் பணத்தை விடுவித்தது. கைபேசியில் சிரமப்படும் முதியவர்களைப் பாதுகாப்பு ஓய்வூதியப் பட்டுவாடா அலுவலகத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ அழைத்துப் போகலாம். முடிந்த பின் போர்ட்டலில் அடுத்த கெடு தேதி ஓராண்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

திருத்தக் கோரிக்கைகளில் ஸ்பர்ஷின் நடைமுறை இரு வகைப்படும். முகவரி, கைபேசி, பான் போன்றவற்றை நீங்களே மாற்றலாம். ரேங்க், சேவை, ஓய்வின் வகை ஆகியவை கடற்படைத் தலைமையகத்தின் ஆவணப் பிரிவு உறுதி செய்தால்தான் நகரும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். கோரிக்கையோடு பி.பி.ஓ. பக்கம், அரசிதழ் அறிவிப்பு, சேவை விவரத் தாள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து இணைத்தால் திருப்பி அனுப்ப அவர்களுக்குக் காரணம் குறையும். ஒரு கோரிக்கையில் ஒரு தவறு மட்டும் எழுதுங்கள். நான்கைச் சேர்த்தால் ஒன்றுக்குப் பதில் சொல்லி நான்கையும் மூடிவிடுவார்கள். ‘ஓய்வூதியம் குறைவாக உள்ளது’ என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. ‘பி.பி.ஓ.வில் தகுதிச் சேவை 26 ஆண்டு, ஸ்பர்ஷில் 25 ஆண்டு. அட்டவணைப்படி இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு வருகிறது’ என்று எண்களோடு எழுதுங்கள். பதில் திருப்தி தரவில்லை என்றால் ரக்ஷா பென்ஷன் ஷிகாயத் நிவாரண் போர்ட்டல் உண்டு. விதியையே எதிர்ப்பதாக இருந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் சென்னை அமர்வு தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளது.

குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்தச் சேவையை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வூதியர் காலமானால் மனைவி போர்ட்டல் வழியாகவோ சேவை மையத்திலோ இறப்புச் சான்றோடு தெரிவிக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் இறந்தால், கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் 7 ஆண்டு வரை அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள் வரை, எது முந்தியோ அதுவரை. பிறகு 30 சதவீதம். அந்த மாற்றம் நடக்கும் மாதத்தில் தொகை இறங்குவது பிழை அல்ல. இறந்த நாள் வரை சேர வேண்டிய பாக்கிக்கு நாமினி பெயர் பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றுக்காக ஓட வேண்டியதில்லை. நாமினி பக்கம் காலியாக இருந்தால் இன்றே நிரப்பிவிடுங்கள்.