விடுமுறையில் தெரியவந்த இன்னொரு பிரஷர்

நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். என் பெட்டியைத் தூக்க ஓடிவந்த அக்கா பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மறுநாள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தவள், நிமிர்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த காலுக்குப் போனாள். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி லேசில் மறையவில்லை.

"வயசாகுதுடா" என்றாள். வயது 46.

பக்கத்து கிளினிக்கில் எட்டு மாதமாக ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் பிரஷர் பார்ப்பார்களாம். 120/80 இருக்கும், அனுப்பிவிடுவார்கள். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு. அக்காவுக்கு ஏறியிருந்தது இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில். அதைப் பட்டை காட்டாது.

பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வேகத்தில் குறை சொல்ல முடியாது; இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ அன்றைக்கே முடிந்தது. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டியதோடு சரி, விளக்க ஆளில்லை. அப்புறம் பார்த்த இதய மருத்துவர் கவரைப் பிரிக்கும் முன்பே கேட்டார்: "போன வருஷம் சுலபமா செஞ்ச எதை இப்போ செய்ய முடியலை?" எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கடைசியில்தான், படியேறும்போது ஒருமுறை மயங்கி விழுந்ததும் வெளியே வந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லை, கள்ளி. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடம்பை அசைத்து வேலை செய்யும்போது மயக்கம் வந்தால் வலப்பக்க இதயம் திணறுகிறது என்று அர்த்தமாகலாம், ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

அந்தத் தமனியின் அழுத்தத்துக்கு எக்கோ தருவது உத்தேசக் கணக்குதான். கழுத்து ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே நுரையீரல் உயர் அழுத்தம். அக்காவுக்கு 41.

அது ஏன் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. இடப்பக்க இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், நுரையீரலில் கரையாமல் தங்கிய ரத்தக்கட்டு என்று காரணம் பல. மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்திருந்ததால், நுரையீரலுக்குக் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகிறது என்று காட்டும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். நான் கிளம்பும் நாளில் முடிவு வந்தது: பழைய ரத்தக்கட்டுகள்தான். இந்த வகையில் பலருக்கு அவற்றை அறுவை சிகிச்சையில் அகற்ற முடியும். நிபுணர் குழுவைப் பார்க்கத் தேதி வாங்கியாகிவிட்டது.

பெட்டியை நானே இறக்கினேன். மேல்படியில் நின்றபடி அக்கா, "மெதுவாடா" என்றாள்.