ஒன்பது ஆண்டுப் புதுப்பிப்புகள்: என் 555 நோட்டுப் புத்தகத்திலிருந்து

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் தட்டச்சும் நகலெடுப்பும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. எல்பில், ஹீவூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். கோயில் திருவிழா அழைப்பிதழ், கருமக்கிரியை அறிவிப்பு, சேமநிதிப் பாரம், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சித் தாள் என்று நாள் ஓடும். 2016-இல் ஈப்போவில் ஒரு பழைய மேசைக் கணினியை வாங்கிப் போட்டேன். இன்றும் அதுதான் முன்மேசையில் இருக்கிறது. அன்றிலிருந்து அதன் விண்டோஸ் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தேதி, எவ்வளவு நேரம் ஆனது, பிறகு எது வேலை செய்யவில்லை என்ற மூன்றையும் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. இந்த அனுபவத்தை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் நோட்டில் சிவப்பு மையில் கோடிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழா அழைப்பிதழ் பற்றியது. நான்கு பக்கம், உள்ளே உபயகாரர்களின் பட்டியல். முந்தைய ஆண்டு நானே அடித்த கோப்பைத் திறந்து, தேதிகளை மட்டும் மாற்றி, முந்நூறு படிகள் எடுத்துவிட்டேன். கோயில் தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஏழாம் நாள் உபயத்தில் விரல் நின்றது. "எங்கள் பெரியப்பா பெயர் எங்கேம்மா?" என்று கேட்டார்.

பெயரை நான் அழிக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் கணினி ஒரு பெரிய பதிப்புக்கு மாறியிருந்தது. லதா எழுத்துருவில் அடித்திருந்த பட்டியல் வேறொரு எழுத்துருவில் திறந்திருக்கிறது. எழுத்துகள் சற்று அகலமானதால் வரிகள் மடிந்து கீழே இறங்கின. கட்டத்துக்குள் அடங்காத கடைசி வரி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோனது. அந்த வரியில்தான் பெரியப்பா இருந்தார். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்கு உபயம் செய்த குடும்பம் அது. முந்நூறு படிகளையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தேன். தாள் செலவு என்னுடையது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதன் காரணம் பிறகுதான் விளங்கியது. விண்டோஸ் 10-இல் தமிழுக்கென்று எப்போதும் இருப்பது நிர்மலா எழுத்துரு. பழைய லதாவும் விஜயாவும் தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்ற பெயரில் விருப்பத் தேர்வுக்கு மாற்றப்பட்டன. கணினியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தால் அவை தாமாகவே வந்து சேரும். முரசு அஞ்சல் போன்ற மென்பொருளில் தட்டச்சு செய்கிற நம்மில் பலர் அந்தப் பட்டியலைத் தொட்டே இருக்க மாட்டோம். அமைப்புகளுக்குள் போய், விருப்ப அம்சங்களில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் சில நிமிடங்களில் லதா திரும்பிவிடும். லதாவில் அடித்த பழைய கோப்புகள் வைத்திருக்கும் கோயில்களும் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இதை ஒரு முறை செய்துவிடுங்கள். முடிந்த வேலையைப் பிடிஎஃப் கோப்பாகவும் வைத்திருங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், வரி நகராது.

அடுத்தது நேரத்தைப் பற்றியது. முதல் இரண்டு ஆண்டுகள், புதன்கிழமை என்றாலே எனக்குக் கலக்கம்தான். பசியாறிவிட்டு வந்து கடையைத் திறந்தால் கணினி தானாக எதையோ செய்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு நாள், ஓர் அம்மாவின் சேமநிதிப் பாரத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது கணினி மறுதொடக்கத்துக்குப் போய்விட்டது. ஏன் புதன் என்று வெகு நாள் புரியவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது புதன் விடியற்காலை ஒரு மணி அல்லது இரண்டு மணி. எனக்கு வாய்த்த கெட்ட நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது அட்டவணைப்படி வருகிற ஒன்று என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. வேலை நேரம் எது என்று கணினிக்குச் சொல்லி வைக்கலாம், 18 மணி நேரம் வரை. அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் செய்யாது. கடை நேரத்தை அன்றே பதிந்து வைத்தேன்.

ஆனால் வேலை நேரத்துக்கு வெளியே என்றால் மாலை என்று எடுத்துக்கொண்டது என் தவறு. பேராக்கில் மாலை நேரத்து வானத்தை எல்லோரும் அறிவோம். 2019 நவம்பரில் ஒரு நாள் கடையைச் சாத்துவதற்கு முன் புதுப்பிப்பைத் தொடங்கி வைத்தேன். 'கணினியை அணைக்க வேண்டாம்' என்று திரையில் நிற்கும்போதே பெரிய இடி. பட்டணம் முழுவதும் மின்சாரம் போனது. மின்சாரம் திரும்பியபோது கணினி புதுப்பிக்கவும் இல்லை, பழைய நிலைக்குப் போகவும் இல்லை. மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லும், மறுதொடக்கம் செய்யும், மறுபடியும் அதையே சொல்லும். மறுநாள் நண்பகல் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே மின்தடைத் தாங்கி ஒன்று வாங்கினேன். அதைவிடப் பெரிய மாற்றம், புதுப்பிப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டதுதான். நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடிந்துவிடும். கடை அன்று மூடியிருக்கும், வானமும் தெளிந்திருக்கும்.

எந்த ஞாயிறு என்பதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு வருகிற இரண்டாவது ஞாயிறு. ஏறக்குறைய பன்னிரண்டு நாள் இடைவெளி. இதைக் கற்றுக்கொண்டது 2018 அக்டோபரில். அந்த மாதம் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலரின் ஆவணக் கோப்புறைகளில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தும், பழைய இடத்தில் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்களுக்கே அப்படி நடந்தது. சில நாள்களில் அந்தப் பதிப்பு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று சரிசெய்யப்பட்டு மீண்டும் வந்தது. என் கணினிக்கு அது வந்து சேரவில்லை. அப்போது கைப்பேசி இணையத்தில்தான் கடையை ஓட்டினேன். அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்து வைத்திருந்ததால் பெரிய பதிப்புகள் தாமாக இறங்கவில்லை. காசு மிச்சம் பிடிக்கச் செய்தது கோப்புகளைக் காத்தது. அந்த வாரமே வெளிவன்தட்டு ஒன்று வாங்கினேன். புதுப்பிப்புக்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, கணினியிலிருந்து பிடுங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். இணைத்தபடியே விட்டு வைத்த நகல் என்னைப் பொறுத்தவரை நகல் அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் கணினி பழுது பார்க்கிறவர்களிடம் போனால் அவர்கள் முதலில் சொல்வது, "புதுப்பிப்பையே நிறுத்திவிடுங்கள் அக்கா, நிம்மதியாக இருக்கலாம்" என்பதுதான். சிலர் நம்மைக் கேட்காமலேயே நிறுத்தி அனுப்பிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். பன்னிரண்டு நாள் பொறுத்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. புதுப்பிக்காமலே வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தள்ளிப்போடுவதும் நிறுத்துவதும் ஒன்றல்ல. வாடிக்கையாளரின் கணினியில் புதுப்பிப்பை நிறுத்தினால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று பழுது பார்க்கும் தம்பிகளை இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோன செய்திகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) குவிந்தன. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் விண்டோஸ் புதுப்பிப்புதான் காரணம் என்றார்கள். காரணம் அது அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பில் இருந்த பிழை அது. மைக்ரோசாஃப்டின் கணக்கின்படி ஏறக்குறைய 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. அந்த மென்பொருள் பெரிய நிறுவனங்களில்தான் இருக்கும். நம் வீட்டுக் கணினிகளுக்கு ஆபத்தே இருக்கவில்லை. அன்றும் பயந்து புதுப்பிப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

அச்சுப்பொறி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் இரண்டு கணினிகளுக்கும் ஒரே அச்சுப்பொறி. 2021 செப்டம்பரில் இரண்டாவது கணினியிலிருந்து அச்சடிக்கவே முடியவில்லை. 11பி என்று முடியும் ஒரு பிழை எண் வந்தது. இல்லிருப்புக் கற்றல் நடந்த காலம். பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வாசலில் இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். அந்த ஆண்டு நடுவிலிருந்து, அச்சுச் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க விண்டோஸுக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வந்தன. ஒரு கணினி வழியாக இன்னொன்று அச்சடிக்கும் முறை அவற்றில் பல இடங்களில் உடைந்தது. என் தீர்வு எளிது. கோப்பை விரலியில் (யுஎஸ்பி) போட்டு முதல் கணினிக்குக் கொண்டுபோய் அச்சடித்தேன். பிறகு அருகலையோடு நேராக இணையும் அச்சுப்பொறியாக மாற்றிவிட்டேன். இப்போது எந்தக் கணினியும் இன்னொன்றை நம்பி இல்லை.

நோட்டைப் புரட்டினால், ஒன்பது ஆண்டுகளில் உண்மையான தொல்லை என்று எழுதியவை பதினொன்றுதான். மற்ற மாதங்களில் நேரம் மட்டும்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய வன்தட்டு இருந்தவரை ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2020-இல் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போட்ட பிறகு அரை மணியைத் தாண்டுவது அபூர்வம். பழைய கணினி வைத்திருக்கிறவர்கள் செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள். பெரிய பதிப்பு மாறிய பிறகு பிடிக்கவில்லையென்றால் 10 நாள்களுக்குள் பழையதற்குத் திரும்பிவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த 10 நாளும் வட்டைத் துப்புரவு செய்யாதீர்கள். திரும்பும் வழி அதில் அழிந்துவிடும்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு என் முன்மேசைக் கணினியில் இல்லை, செயலியும் பழையது. 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்திருக்கிறேன். பின்கட்டில் கிடந்த மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பழகி வருகிறேன். அதில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி, புதுப்பிப்புக்கு முந்தைய நிலையைப் படம்பிடித்ததுபோல் பத்திரப்படுத்தி வைக்கிறது. கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம். தமிழ் எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் என் பழைய அழைப்பிதழ்க் கோப்புகளை அதில் திறந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து முடிக்காமல் கடை வேலையை அதற்கு மாற்ற மாட்டேன். பெரியப்பாவை நான் மறக்கவில்லை.

கடைசியாக, சென்ற ஆண்டின் இறுதியில் நடந்தது. தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனோடு வந்தார். தவணையில் வாங்கிய மடிக்கணினி. புதுப்பிப்பு முடிந்து எழுந்தபோது நீலத் திரையில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டபடி நின்றுவிட்டது. திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது பையனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட திறவுகோல் வழக்கமாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். வேறொரு கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்தால் பார்த்துவிடலாம். "உன் கணக்கு எது தம்பி?" என்று கேட்டேன். விற்ற கடையில் அவர்களே ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்தார்கள் என்றான். அந்தக் கடைக்குப் போய்க் கேட்டார்கள். அப்போது வேலை செய்தவர் இப்போது அங்கே இல்லை. ஒரு பருவத்து இடுபணிகள் முழுவதும் அந்த வட்டுக்குள்ளேயே போயின. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முதுகில் கை வைத்தபடி நின்றார்.

நிறுவி முடித்ததும், அவனுடைய சொந்த மின்னஞ்சலில் அவன் கையாலேயே கணக்கைத் திறக்கச் சொன்னேன். புதிய திறவுகோலைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா அந்தத் தாளை வாங்கி, எண்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இன்னொரு படி எடுத்து இதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடும்மா" என்றார். பையிலிருந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் வைத்திருந்த கோப்பை எடுத்து, மூத்தவன் பத்திரத்துக்குப் பின்னால் அதைச் செருகிக்கொண்டார்.