மிக வெளிர்ந்த தோலுக்கு ஃபவுண்டேஷன்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

எனக்கு அல்பினிசம். தோலில் மெலனின் என்ற நிறமி பிறவியிலேயே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. முடி, புருவம், இமைமுடி எல்லாமே வெளிர் மஞ்சள். பார்வையும் குறைவு, வெளிச்சம் பட்டால் கண் கூசும். சென்னையில் வேலை பார்க்கிறேன், அலுவலகம் போகும் நாட்களில் பெரும்பாலும் முகத்தில் ஃபவுண்டேஷன், அதாவது முகத்து நிறத்தை ஒரே சீராக்கும் மேக்கப் பூச்சு, இருக்கும். என் நிறத்தை மறைப்பதற்காக அல்ல. மூக்கோரமும் கன்னமும் திட்டுத்திட்டாகச் சிவந்திருப்பதைச் சமன்செய்துகொள்வேன், அவ்வளவுதான். மேக்கப் போடுவது எனக்குப் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

பல வருடமாகப் பல பாட்டில்களைப் பூசிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அல்பினிசம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, வெண்புள்ளி முகம் முழுக்கப் பரவி ஒரே நிறமாகிவிட்டவர்களுக்கும், இயல்பிலேயே மிக வெளுப்பானவர்களுக்கும் இது உதவும். முக்கியமான விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "ஆக லைட்டான ஷேட் எது?" என்று தேடிக்கொண்டே போனால் பணம்தான் செலவாகும். சாயல், அதாவது நிறத்துக்குள் ஓடும் மஞ்சளோ ரோஸோ, சரியாக இருக்க வேண்டும், பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் ஷேட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முகம் முகமாகத் தெரியும்.

கடையில் என்ன நடக்கும் என்று எங்களைப் போன்ற எல்லோருக்கும் தெரியும். கவுன்டரில் இருக்கும் பெண் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு வரிசையின் கடைசியில் இருக்கும் டெஸ்டரை (பூசிப் பார்க்க வைத்திருக்கும் மாதிரி) எடுத்து, "அக்கா, இருக்கறதுலயே லைட்டு இதுதான்" என்பார். தாடையில் ஒரு கோடு இழுத்தால் மஞ்சள் பூசினதுபோல் பளிச்சென்று தெரியும். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் இருப்பது அதுதான். ஆனால் சிவப்பழகு கிரீம் இத்தனை காலம் இத்தனை வீடுகளில் விற்ற நாடு இது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனதுகூடப் பெயர் மாற்றம்தான். வெளுப்பை இவ்வளவு விற்ற சந்தையில் உண்மையிலேயே வெளுத்த தோலுக்கு ஒரு ஷேட் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். நன்றாகக் கறுத்த தோல் உள்ள என் தோழிகளுக்கும் இதே கதை, வரிசையின் மறுகோடியில். நடுவில் இருக்கும் பீஜ் ஷேடுகளுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

ஏன் பொருந்துவதில்லை என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். ஃபவுண்டேஷனில் பெரும்பாலும் நிறம் தருபவை நான்கு பொருட்கள்: வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் வெளிர் ஷேடுகள் மாநிறத்திலிருந்து ஒன்றிரண்டு படி வெளுத்த தோலை மனதில் வைத்துச் செய்தவை, அதனால் மஞ்சள் தூக்கலாக இருக்கும். மெலனின் இல்லாத தோலுக்கு நிறம் வருவது பெரும்பாலும் அடியில் ஓடும் ரத்தத்தால்தான். அதன் மேல் மஞ்சளை வைத்தால் ஆரஞ்சாகத் தெரியும். சரி, அப்படியானால் ரோஸ் சாயல் வாங்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதற்குள் முகம் தானாகவே சிவந்துவிடும், அதன் மேல் ரோஸும் சேர்ந்தால் காய்ச்சல் வந்த முகம் மாதிரி ஆகிவிடும். எனக்கு ஒத்துவருவது நியூட்ரல். மஞ்சளும் வேண்டாம், ரோஸும் வேண்டாம், கொஞ்சம் சாம்பல் ஓடினால்கூடப் பரவாயில்லை.

ஷேட் பெயர்களை நம்பி வாங்காதீர்கள். ஐவரி, போர்சலின் என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு நிறம். குறியீடுகள் கொஞ்சம் உதவும், ஆனால் அவையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஸ்டீ லாடர் டபுள் வேர் ஃபவுண்டேஷனில் முதலில் வரும் எண் நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதையும், நடுவில் வரும் சி, என், டபிள்யூ எழுத்து கூல் (ரோஸ்), நியூட்ரல், வார்ம் (மஞ்சள்) என்ற சாயலையும் சொல்லும். பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்கி நடுவில் என் இருப்பதைப் பாருங்கள். மேக் நிறுவனத்தில் அப்படியே தலைகீழ்: என்சி என்பது மஞ்சள் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ என்பது ரோஸ் சாயல் தோலுக்கு. மேபெலின் ஃபிட் மீயில் எண் குறையக் குறைய வெளுப்பு. கொரிய பிராண்டுகளில் 13, 17, 21, 23 என்று போகும், 21-ஐத்தான் அங்கே சாதாரண வெளிர் ஷேடாக வைத்திருப்பார்கள், 13 அதைவிட வெளுப்பு. ஃபென்டி பியூட்டி 2017-இல் 40 ஷேடுகளோடு வந்தபோது எல்லோரும் அடர் நிறங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் 100-இல் தொடங்கும் அதன் மறுகோடியைப் பார்த்து எங்களில் பலருக்கும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது நான் தொடர்ந்து பயன்படுத்துவது மிஷா என்ற கொரிய பிராண்டின் எம் பெர்ஃபெக்ட் கவர் பிபி கிரீம் (ஃபவுண்டேஷன் மாதிரியே பூசும் நிறக் கிரீம்), எண் 13. இந்த பிபி கிரீமில் லேசாக ஒரு சாம்பல் சாயல் உண்டு. மாநிறத் தோலில் பூசினால் வெளிறிப்போன மாதிரி தெரியும் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். எங்களுக்கு அந்தச் சாம்பல்தான் வேலையே செய்கிறது. கன்னச் சிவப்பை அடக்குகிறது, ஆரஞ்சாகவும் மாறுவதில்லை. ஆனால் அதுவும் என் தோலைவிட ஒரு சுற்று அடர்த்திதான். அதைச் சரிசெய்ய எல்.ஏ. கேர்ள் புரோ கலர் ஃபவுண்டேஷன் மிக்ஸிங் பிக்மென்ட் வெள்ளை, ஃபவுண்டேஷனில் கலந்து நிறத்தை வெளுக்கவைக்கும் டியூப். இதைத்தான் வெள்ளை மிக்ஸர் என்று சொல்வேன். இதே வரிசையில் நீலமும் உண்டு, அதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

கலப்பது இப்படி. புறங்கையில் ஒரு பட்டாணி அளவு பிபி கிரீம், பக்கத்தில் மிளகளவு வெள்ளை. முதலில் இந்த இரண்டையும் விரலால் குழைத்துப் பாருங்கள். நிறம் வெளுத்தும் இன்னும் ஆரஞ்சு அடித்தால் மட்டும் நீலம் வேண்டும். அதைப் பிதுக்கி எடுக்கக் கூடாது, டியூபின் வாயில் ஒட்டியிருப்பதைப் பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டு வைத்தாலே போதும். ஒரு துளி அதிகமானால் முகம் நோயாளி மாதிரி ஆகிவிடும், பிறகு எவ்வளவு கிரீம் சேர்த்தாலும் மீளாது, கழுவிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். வெள்ளையையும் அளவோடுதான் சேர்க்க வேண்டும். வெள்ளை என்றால் முக்கியமாக டைட்டானியம் டைஆக்சைடு, அது கூடும்போது பூச்சு கனமாகும், சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகும். நிறம் பொருந்தியும் முகம் செத்துப்போய்த் தெரிகிறது என்றால் காரணம் இதுதான்.

அதனால்தான் மெல்லிசாகப் பூசச் சொல்கிறேன். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, மூக்கிலிருந்து வெளியே தட்டித் தட்டிக் கொண்டுபோங்கள். தாடைக்கும் காதுக்கும் வருவதற்குள் ஸ்பாஞ்சில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. வெளுத்த தோலில் காது பெரிய பிரச்சினை. வெயிலில் இரண்டு நிமிடம் நின்றால் காது சிவந்துவிடும், கழுத்தும் சிவக்கும். கனமாகப் பூசிய முகம் மட்டும் நடுவில் வெள்ளையாகவே நிற்கும். மெல்லிசாக இருந்தால் அடியில் முகம் சிவப்பது கொஞ்சம் வெளியே தெரியும், காதோடும் கழுத்தோடும் ஒட்டிப்போகும்.

எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. எனக்குத் தோல் வெயிலில் கறுப்பதில்லை, சிவந்து எரியும், பிறகு பழைய நிறத்துக்கே வந்துவிடும். மற்றவர்கள் கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என்று ஷேட் மாற்றுவார்கள். எனக்கு வருடம் முழுக்க ஒரே கலவைதான்.

பொருத்தம் பார்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பலருக்குக் கண்ணாடியில் நுணுக்கமாகப் பார்க்க முடியாது. கடை விளக்கில் எதுவும் தெரியாது. டெஸ்டரைத் தாடையில் தொடங்கிக் கழுத்து வரை கோடாக இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன், கடைக்குள் நின்று முடிவு செய்வதே இல்லை. நிழலான இடத்தில் நின்று, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தபடி போனில் படம் எடுப்பேன். தாள் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் அந்தப் படம் நம்பத்தக்கதல்ல, இடம் மாறி வேறு எடுக்க வேண்டும். தாள் வெள்ளையாக வந்த படத்தைப் பெரிதாக்கிக் கோட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் உங்கள் ஷேட். பிறகு அரை மணி நேரமாவது கழித்து இன்னொரு படம். பூசியதும் சரியாக இருப்பது காய்ந்ததும் ஒரு படி கறுக்கலாம். கிரீமில் உள்ள ஆவியாகும் பொருள் போய் நிறமி மட்டும் தங்குவதாலும், முகத்து எண்ணெய் அதோடு கலப்பதாலும் இப்படி ஆகிறது. மாநிறத் தோலில் அது கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு ஒரு படி என்பது வேறொருவரின் முகம்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இதில் எதையும் தொடாதீர்கள். அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் மிக அதிகம். ஃபவுண்டேஷன் டப்பாவில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 42 என்று போட்டிருந்தாலும் அதை நம்பி வெளியே போகக் கூடாது. அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது, அவ்வளவு ஃபவுண்டேஷனை யாரும் முகத்தில் அப்புவதில்லை. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம் கழுத்து காது எல்லாவற்றுக்கும் பூசி, அது படிந்த பிறகே மேக்கப். ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் வெள்ளையாகப் படிகிறது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். நமக்கு அந்த வெள்ளை கண்ணிலேயே படாது, தாராளமாக வாங்கலாம். எல்லாத் தோலுக்கும் ஒரே நிறம் என்று விற்கும், நிறம் சேர்த்த டின்டட் சன்ஸ்கிரீன்கள்தான் நமக்கு ஆகாது. சன்ஸ்கிரீனையும் ஃபவுண்டேஷனையும் கையில் ஒன்றாகக் குழைத்துப் பூசவும் வேண்டாம், பாதுகாப்பு குறைந்துவிடும். அப்புறம் இன்னொன்று: ராத்திரி முழுதாகக் கழுவிவிட்டு, சொரசொரப்பான புதுத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். என் கண்ணுக்குப் படாது என்பதால் அம்மா டார்ச் அடித்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மேக்கப் போட்டு மூடாமல் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கல்யாண மேக்கப் தனி விஷயம். அண்ணன் கல்யாணத்துக்கு வந்த மேக்கப் கலைஞர், என்னைக் கேட்காமலேயே கோதுமை நிறத்தில் ஒன்றைப் பூசத் தொடங்கினார். "அப்பதான்ம்மா போட்டோல எல்லாரோடையும் ஒண்ணா தெரியுவ" என்றார். கழுத்து, கை, காது எல்லாம் என் நிறத்தில், முகம் மட்டும் வேறு யாருடையதோ. நான் துடைக்கச் சொன்னேன். பெரியம்மா, "இருக்கட்டும்டி, நல்லாத்தானே இருக்கு" என்றார். நல்லாத்தான் இருந்திருக்கும், அது என் முகமாக இருந்திருந்தால். நீங்கள் மணப்பெண்ணாக இருந்தாலும் சரி, நாத்தனாராக இருந்தாலும் சரி, என்ன பொருள், என்ன ஷேட் என்று முன்கூட்டியே கேளுங்கள், ஒருநாள் டிரையல் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கலைஞர்கள் பெட்டியில் கிரையோலான் டிவி பெயின்ட் ஸ்டிக் பெரும்பாலும் இருக்கும், அதில் மிக வெளிர் நிறங்களும் உண்டு. திட்டுத்திட்டான வெண்புள்ளியை மூட வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் டெர்மாகலர் அதற்கென்றே செய்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இவற்றை ஸ்பாஞ்சால் இழுத்து இழுத்து மெல்லிசாக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்கும் இடத்தில் வெள்ளை மிக்ஸரைக் குறைத்துக்கொள்ளுங்கள், டைட்டானியம் டைஆக்சைடு ஒளியைத் திருப்பி அடித்து முகத்தை இன்னும் வெளுக்கவைக்கும். சிலிக்கா பவுடரை மேலே தூவுவதும் அப்படித்தான்.

மற்றவை சுருக்கமாக. காம்பாக்ட் (டப்பாவில் அழுத்தி வைத்த நிறப் பவுடர்) எதுவுமே எனக்கு ஒத்துவரவில்லை, எல்லாமே மதியத்துக்குள் ஆரஞ்சு. நிறமில்லாத லூஸ் பவுடரை மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் தொட்டுக்கொள்கிறேன். புருவத்துக்குச் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு, கறுப்பு வேண்டவே வேண்டாம். வெள்ளை மிக்ஸர் டியூப் ரொம்ப நாள் வரும், அதுதான் ஆபத்தும். வாசனை மாறினாலோ எண்ணெய் பிரிந்து வந்தாலோ மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பாரிமுனை காசி செட்டித் தெரு போன்ற இடங்களில் விலை குறைவு என்று ஆசையாக இருக்கும். ஆனால் பேட்ச் எண்ணும் தேதியும் அழிந்திருந்தால் நான் கையில்கூட எடுக்க மாட்டேன், நம் தோலுக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் வெள்ளை மிக்ஸரை வாங்குங்கள். வீட்டில் அக்காவோ அம்மாவோ வாங்கிவைத்த வெளிர் ஷேட் எதுவாக இருந்தாலும், மஞ்சள் ரொம்பத் தூக்கலாக இல்லாதவரை, அதில் கலந்து முதலில் கழுத்தோரம் பூசிப் பாருங்கள். அரிப்பு, எரிச்சல் இல்லாமல் ஒரு நாள் போனால் முகத்துக்குக் கொண்டு வாருங்கள்.