ஆரலா, விலாங்கா: மீன் பார்க்க ஒரு நகை லென்ஸ்

கொலுசுப் பட்டறைகளில் பொடி வேலை பார்க்க வைத்திருக்கும் மடக்கு லென்ஸ், பாம்பு போல் நீண்ட ஆரல், விலாங்கு போன்ற மீன்களை இனம் காணவும் அருமையாக உதவுகிறது. சேலத்தில் செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

லென்ஸின் சட்டத்தில் 30 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கடையிலேயே ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை வைத்துச் சோதிக்கலாம். நிஜமான 30 மடங்கு என்றால் சுமார் 8 மி.மீ. தூரத்தில் கோடு தெளியும், 2.5 செ.மீ.யில் தெளிந்தால் அது 10 மடங்குதான். மீனுக்கு அந்தப் பத்தே போதும். அதற்கு மேல் போனால் லென்ஸ் மீனை ஒட்டி நின்று வெளிச்சத்தை மறைத்துவிடும். மூன்று கண்ணாடி ஒட்டிய டிரிப்லெட்தான் என் பரிந்துரை. ஒற்றைக் கண்ணாடியில் ஓரக்கோடு வளைந்து, நிறமும் பிரியும்.

மேட்டூர் மீனை இதில் பார்க்க வேண்டும்! பெரிய ஆரலுக்கு முதுகில் 32 முதல் 40 வரை தனித்தனி முட்கள். அவை படிந்து கிடக்கும், முன்பக்கத்து முட்கள் தோலுக்குள் புதைந்திருக்கும். எண்ணிக்கை தவறுவது இங்கேதான். குண்டூசியால் வாலிலிருந்து தலைப் பக்கமாக நெம்பினால் நிமிரும். வால் துடுப்பு மற்றத் துடுப்புகளோடு சேர்ந்திருந்தால் பெரிய ஆரல், தெளிவாகப் பிரிந்திருந்தால் சிறிய வகை. விலாங்குக்கு முள்ளே கிடையாது. அதன் தோலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்: புதைந்த நுண்செதில்கள் பாய் முடைந்தது போல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு இது அகப்படாது.

ஆரலை லாம்ப்ரே என்று சொல்பவர்களும் உண்டு. லாம்ப்ரே நம் ஆறுகளில் இல்லை. அதற்குத் தாடையும் ஜோடித் துடுப்பும் கிடையாது, பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் இருக்கும். ஐரோப்பாவில், முழு வளர்ச்சி அடைந்த ஆற்று லாம்ப்ரேயையும் ஓடை லாம்ப்ரேயையும் பல்லின் கூர்மை பார்த்து இதே லென்ஸில் பிரிக்கலாம். ஆற்றினதுக்குக் கூர், ஓடையினதுக்கு மழுங்கல். குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எந்த லென்ஸும் உதவாது.

ஒரே குறை, மீனின் வழுவழுப்பு கண்ணாடியில் காய்ந்தால் மங்கிவிடும். உடனே ஒரு சொட்டு சோப்பு நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். போர்வெல் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும்.