அப்பாவின் இதயமும் எடை மெஷினும்: இரண்டு வருட அனுபவம்

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெய்லியர், இதயம் பலவீனமாகிவிட்டது. இ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம்தான். வீடு கோவில்பட்டியில், கார்டியாலஜிஸ்ட் மதுரையில். போய்வந்தால் ஒரு பகல் காலி, அப்பாவும் துவண்டுவிடுவார். அதனால்தான் ஆஸ்பத்திரியின் வீட்டுக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்தோம்: வீட்டில் எடுக்கும் எண்களை மொபைல் ஆப்பில் போட்டால் அங்கே பார்ப்பார்கள். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

கொடுத்தவை: பி.பி. மெஷின், ஆக்ஸிமீட்டர், விரல் வைத்தால் ஈ.சி.ஜி. எடுக்கும் சின்னப் பட்டை, எடை மெஷின். பட்டைக்குத்தான் மவுசு, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் விரல் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அது ஒற்றை லீட், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில்தான் பார்க்கும். துடிப்பு தாறுமாறாக ஓடினால் காட்டும். மாரடைப்பு இல்லை என்று அதை நம்பிச் சொல்ல முடியாது. நெஞ்சு வலித்தால் ஆப்பைத் திறக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உண்மையில் உழைத்தது எடை மெஷின். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், அதே மாதிரி வேட்டியோடு ஏறி நிற்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் உடம்பில் தேங்கும் நீர். மூச்சு வாங்க ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தபின் எண் எகிறியது. உப்பு கூடினால் நீர் தேங்கும், அதனால் திட்டத்தின் நர்ஸ் போனில் வந்தார்.

"ஐயா, அப்பளமா, ஊறுகாயா?"

"ரெண்டுந்தாம்மா."

வீடியோவில் கணுக்காலை அழுத்திக் காட்டச் சொன்னார். பதிந்த குழி சீக்கிரம் எழவில்லை, நீர் தேங்கியிருந்தது. டாக்டர் சில நாளைக்கு நீர் மாத்திரையைக் கூட்டினார். அந்த மாத்திரை உப்புச் சத்தையும் கிட்னியையும் பாதிக்கிறதா என்று, ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் உள்ளூர் லேபிலேயே பார்த்தோம். அட்மிஷன் தேவைப்படவில்லை.

அந்த நர்ஸ் இல்லையென்றால் இது வெறும் எண் சேர்க்கும் வேலை. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 1,653 பேரில் ஒரு பகுதியினர் தானியங்கி போன் குரலுக்குத் தினமும் பதில் சொன்னார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. 2018-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும் மறுமுனையில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் ஒரு வருட இறப்பு விகிதம் 11.3 சதவீதம், இவர்களில் 7.9. எங்கள் திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்ப்பதில்லை. சேரும்போது அதைச் சொல்லவும் இல்லை. ஆப்பும் ஆங்கிலத்தில்தான், அப்பா எண்ணைப் படிக்க, அம்மா தட்டுவார்.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டோம். ஈ.சி.ஜி. பட்டை இல்லாமல் குறைந்த விலைக்கு உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.