ரெண்டாவது டெங்கு ஏன் மோசமாகுது: ஆன்டிபாடி காரணமா, டி செல் காரணமா?

டெங்கு வைரஸ்ல நாலு வகை. ஒண்ணு வந்து போனா அதே வகை திரும்ப வராம ரொம்ப வருஷம் காப்பாத்தும், மத்த மூணுக்கு சில மாசம்தான். அப்புறம் வேற வகை வந்தா சிலருக்கு முதல் தடவைய விட சீரியஸாகுது, அதுக்கு பி செல் தயாரிக்கிற ஆன்டிபாடி (கிருமி மேல ஒட்டுற புரதம்) காரணம்னு ஒரு கட்சி, டி செல் (கிருமி புகுந்த செல்ல தாக்குற வெள்ளணு வகை) தான்னு இன்னொரு கட்சி.

ஆன்டிபாடி மேல இருக்குற கேஸ் ரொம்ப ஸ்ட்ராங். பழைய ஆன்டிபாடி புது வகை மேல ஒட்டுது ஆனா அத முடக்கல, அந்த ஆன்டிபாடியோட வால் பக்கத்த மோனோசைட், மேக்ரோஃபேஜ்ங்கிற வெள்ளணுங்க புடிச்சு வைரஸோட சேர்த்து உள்ள இழுத்துக்குது, வைரஸ் பெருகுற இடமே அந்த செல்தான், வேலியே பயிர மேயுற கதை. கியூபால 1977ல டைப் 1 பரவுச்சு, 1981ல டைப் 2 வந்தப்போ சீரியஸ் கேஸ் குவிஞ்சுது. எனக்கு இத விட பெரிய சாட்சி கைக்குழந்தைங்கதான். அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி குறைஞ்சுகிட்டே வர்ற 6, 7 மாசத்துல முதல் டெங்குவே ஆபத்தாகலாம், அந்த குழந்தைக்கு டெங்குவ ஏற்கனவே பாத்த டி செல்லே கிடையாதே! ஆன்டிபாடி நிறைய இருந்தா பாதுகாப்பு, நடுவாந்தரமா இருந்தாதான் வினை.

டி செல் மேல என்ன புகார்னா, பழைய வகைக்கு பழகின டி செல் புது வகைய சரியா கொல்லாம சைட்டோகைன (வீக்கத்த கிளப்புற சிக்னல் புரதம்) மட்டும் கொட்டி ரத்தக்குழாய கசிய விடுதுன்னு. 2003ல தாய்லாந்து குழந்தைங்ககிட்ட பழைய வகைக்கு பழகின டி செல்தான் அதிகமா கிளம்புச்சுன்னு பாத்தாங்க. ஆனா 2013ல இலங்கை ரத்தத்த வச்சு பண்ண ஆய்வுல, டி செல் ரெஸ்பான்ஸ் பலமா இருக்குற மரபணு வகைக்காரங்களுக்கு சீரியஸ் டெங்கு கம்மின்னு வந்துச்சு. அதனால டி செல்ல குற்றவாளின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

தடுப்பூசிய வச்சு பாத்தா இன்னும் புரியும். டெங்வாக்ஸியாங்கிற தடுப்பூசியோட உள்கூடு (மேலுறை தவிர்த்த அடிப்படை பகுதி) மஞ்சள் காய்ச்சல் வைரஸோடது, சிடி8 டி செல் (கொல்ற வேலை பாக்குற டி செல்) பெரும்பாலும் குறிவைக்கிற என்எஸ்3, என்எஸ்5ங்கிற வைரஸ் புரதம் அதுல டெங்குவோடது இல்ல, அதனால அந்த டி செல்லுக்கு டெங்குவ பழக்குறது கம்மி. முன்னாடி டெங்கு வராதவங்க அத போட்டுகிட்டா பின்னால சீரியஸ் ஆகுற ரிஸ்க் கூடுதுன்னு 2017ல வெளிய வந்துச்சு. க்யூடெங்காங்கிற இன்னொரு தடுப்பூசில உள்கூடு டெங்கு டைப் 2 தான், ஆனாலும் முன்னாடி டெங்கு வராதவங்களுக்கு டைப் 3கிட்ட இருந்து அது காப்பாத்துனதா ட்ரையல்ல தெரியல, அதனால டெங்கு உள்கூடு இருந்தா மட்டும் போதும்னும் சொல்ல முடியாது.